எத்தனை நாளாக என்ற கட்டம்

புறநோயாளிகள் பதிவேட்டில் ஏழு கட்டங்கள் உண்டு. வரிசை எண், பெயர், வயது, ஊர், நோவு, எத்தனை நாளாக, மருந்து. முதல் ஆறையும் நான் நிரப்புவேன். ஏழாவது டாக்டருடையது. யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் அரியலூரில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் அதுதான் என் உத்தியோகம். எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தேன். கையெழுத்து சுமாராக இருக்கும். நோவுகளின் பெயரை ஆங்கிலத்தில் எழுதத் தெரியும். சாதாரண நாளில் எழுபது எண்பது பேர், சந்தை நாளில் நூற்றிருபது பேர் வருவார்கள். மாலையில் கூட்டிப் பார்க்காமல் நான் வீட்டுக்குக் கிளம்பியதில்லை. எண்ணுவது அப்போதே பிடித்த வியாதி. இப்போது எண்பத்து மூன்று வயதில் மாடிப்படி ஏறும்போதும் எண்ணிக்கொண்டுதான் ஏறுகிறேன்.

அந்த ஆறாவது கட்டத்தில் நான் எழுதிய ஒரு பொய்யைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இதற்கு முன் மூன்று தடவை ஆரம்பித்து மூன்று தடவையும் கிழித்துப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் எழுதிப் பார்த்தால் நான் கொஞ்சம் நல்லவனாகத் தெரிந்தேன். அதனால் கிழித்தேன்.

என் அக்காவின் புருஷனை மாமா என்று கூப்பிடுவேன். கல்லங்குறிச்சிக்கு அப்பால் அவர்களுக்குக் கொல்லை இருந்தது. கடலையும் கம்பும் போடுவார். எங்கள் அப்பா இறந்த பிறகு என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கைபிடித்துக் கூட்டிப்போனவர் அவர்தான். அவருடைய இடது கன்னம் எப்போதும் சற்று உப்பியிருக்கும். வெற்றிலை பாக்கு சுண்ணாம்பைப் போட்டு மென்றபிறகு ஒரு துண்டுப் புகையிலையை அங்கே அதக்கிக்கொள்வார். உழும்போதும் அது அங்கேயே இருக்கும், தூங்கும்போதும் இருக்கும். ஒருநாள் முழுக்க அவர் கூடவே இருந்து எத்தனை தடவை போடுகிறார் என்று எண்ணினேன். பதினான்கு.

"ஏன் மாப்ள, அப்படியே நான் எத்தனை தரம் மூச்சு வுடறேன்னும் எண்ணிச் சொல்லேன். ஒங்கக்காளுக்கு ஒபயோகமா இருக்கும்" என்றார்.

எங்கள் டாக்டர் கண்டிப்பானவர். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். புகையிலை போடுகிற யார் வந்தாலும், என்ன நோவுக்கு வந்தாலும், வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார். காலில் முள் ஏறி வந்தவனுக்கும் அதே கதிதான். கன்னத்தை இரண்டு விரலால் விலக்கிப் பார்த்து, நாக்கைத் தூக்கச் சொல்லி அடியில் பார்த்து, வெளியே தாடைக்குக் கீழே தடவிப் பார்த்துவிட்டுத்தான் காலுக்கே வருவார். வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். "கால் வலின்னு வந்தா பல்லப் புடிச்சிப் பாக்குறாரு, மாட்டுத் தரகுக்குப் போக வேண்டியவரு" என்று ஒருத்தர் சொல்ல, டாக்டருக்கே கேட்டுவிட்டது. அவர் கோபப்படவில்லை. "சிரி. சுண்ணாம்பு சுட்ட புண்ணு ஒரு வாரத்துல ஆறிடும். மூணு வாரம் ஆகியும் ஆறலேன்னா அது சுண்ணாம்பு இல்லே. வலிக்கலையேன்னு வீட்டுல ஒக்காந்திருக்காதே. வலி வர்றதுக்கு முந்தி வா" என்றார். இதே வாக்கியங்களை அவர் சொல்ல நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கு வைக்கவில்லை. வைத்திருக்க வேண்டும்.

டாக்டருக்கு ஒன்று மட்டும் ஆகாது. சுவரில் துப்புவது. கார்த்திகை மாசம் ஆஸ்பத்திரி முழுக்க வெள்ளையடித்து நான்காம் நாள், மாமா எனக்கு ஒரு மூட்டை அவரைக்காய் கொண்டுவந்தார். நான் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றவர், வாய் நிறைந்ததும் திரும்பி, பளிச்சென்றிருந்த சுவரில் துப்பிவிட்டார். டாக்டர் வெளியே வந்தார்.

"யார்ய்யா இந்த ஆள்?"

நான் குனிந்துகொண்டு, "தெரியல சார்" என்றேன்.

கம்பவுண்டர் சும்மா இருந்திருக்கலாம். "என்னய்யா தெரியல? ஒன் மாமா இல்ல? போன வாரம் பூசணிக்காய் கொண்டாந்தாரே, எனக்குக்கூட ஒரு கீத்து குடுத்தியே" என்றார். வரிசையில் நாற்பத்தாறு பேர் இருந்தார்கள். அத்தனை பேரும் சிரித்தார்கள். டாக்டர் என்னை ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, அந்த நாற்பத்தாறு பேருக்கு முன்னால் சுவரைக் கழுவ வைத்தார். மாமா வாளியைப் பிடுங்க வந்தார். நான் விடவில்லை. அவரை வாசல் வரை கொண்டுவந்து விட்டு, "இனிமே இந்தப் பக்கம் வராதீங்க மாமா" என்றேன்.

"சரி மாப்ள" என்றார். "அவரக்காய மட்டும் வாடவுட்டுடாத."

அடுத்த தைப் பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிடும்போது மாமா குழம்பை ஒதுக்கிவிட்டு மோர் ஊற்றிக்கொண்டார். அக்காதான் சொன்னாள்.

"காரம் பட்டா எரியுதாம்டா தம்பி. என்னன்னு பாரு. நீ ஆஸ்பத்திரியில இருக்கியே."

அவரை வாசலுக்குக் கூட்டிவந்து வெயிலில் வாயைத் திறக்கச் சொன்னேன். இடது கன்னத்தின் உள்ளே, புகையிலை இருக்கும் இடத்தில், சுண்ணாம்பு தடவியது போல ஒரு வெள்ளைத் திட்டு. புளியங்கொட்டை அளவு. ஓரத்தில் கொஞ்சம் சிவந்திருந்தது. விரலால் துடைத்துப் பார்த்தேன். போகவில்லை.

"சுண்ணாம்பு சுட்டிருச்சு மாப்ள. அன்னிக்கி சந்தையில வாங்குனது ரொம்பக் காட்டமான சுண்ணாம்பு."

"அப்ப ஆறுற வரைக்கும் பொகையிலையாவது வுடுங்களேன்."

"அதான் மருந்தே. பொகையிலைய வச்சா மரத்துப்போயி எரியறதில்ல. எடுத்தாத்தான் எரியுது."

எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். கன்னத்தில் புண் என்றால் அந்தப் புண்ணின் மேலேயே புகையிலையை வைப்பார்கள். எரிச்சல் அடங்கிவிடும், குணமாகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் மேற்கொண்டு பேசவில்லை. ஆனால் அன்றைக்கு ஒன்று என்று மனசுக்குள் எண்ண ஆரம்பித்துவிட்டேன். ஏழாம் நாள் ஆறியிருக்கவேண்டும். எட்டாம் நாள், அடுத்த ஞாயிறு, போய்ப் பார்த்தேன். அப்படியே இருந்தது. இருபத்திரண்டாம் நாள் பார்த்தேன். அப்படியே இருந்தது. மூன்று வாரம் முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டில் அதைத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான்.

நாற்பத்தோராம் நாள், வெள்ளிக்கிழமை, மாமா ஆஸ்பத்திரிக்கு வந்தார். நான் வரவேண்டாம் என்று சொன்னதால் உள்ளே வராமல் கேட்டுக்கு வெளியே நின்றார். பியூன் வந்து சொன்னதும் பேனாவைக்கூடக் கீழே வைக்காமல் ஓடினேன். வெளுத்த வேட்டி கட்டியிருந்தார். உப்பியிருக்கும் கன்னம் ஒட்டிக் கிடந்தது. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"வாய மூணு தரம் கொப்பளிச்சிட்டு வந்திருக்கேன் மாப்ள. காலையிலேருந்து ஒண்ணும் போடல. துப்ப மாட்டேன். ஒங்கக்கா ஓயாம சொல்லிக்கிட்டிருக்கா. டாக்டர்கிட்ட ஒரு பார்வ காட்டிட்டுப் போயிடறேன்."

என் வேலை அப்போது தற்காலிகம். இன்னும் பத்தொன்பது நாளில் டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் நிரந்தரமாகும். சுவர் சமாசாரத்துக்குப் பிறகு அவர் என்னிடம் முகம்கொடுத்துப் பேச ஆரம்பித்தே பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. கம்பவுண்டர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்ததா என்று இத்தனை வருஷமாகத் தேடிப் பார்க்கிறேன். இல்லை.

"டாக்டர் முகாம் போயிருக்காரு மாமா" என்றேன். உள்ளே டாக்டர் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். அது மாமாவுக்குக் கேட்காமல் இருக்கட்டும் என்று நான் கொஞ்சம் சத்தமாகவே பேசினேன்.

"எப்ப வருவாரு?"

"சொல்ல முடியாது. சுண்ணாம்புதானே மாமா. நெய் தடவிக்கிட்டு வாங்க, ஆறிடும்."

அவர் என் முகத்தைக் கொஞ்சம் பார்த்தார். பிறகு, "சரி மாப்ள, போயிட்டு வரேன்" என்று துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தார். நான் திரும்பிப்போய் அடுத்த பெயரை எழுதினேன். வரிசை எண் முப்பத்து மூன்று.

வேலை நிரந்தரமானதும் நானே கூட்டிக்கொண்டு வந்து காட்டுவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிரந்தரமானது. அப்போது பங்குனி, கடலை பறிக்கும் நேரம், வரமாட்டார் என்று நினைத்தேன். அப்புறம் கேட்டபோது அவரே வலி இல்லை என்றார். புகையிலை மரக்க வைத்திருந்தது. நான் நம்ப விரும்பினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போவதைக் குறைத்துக்கொண்டேன். போனாலும் வாயைத் திறக்கச் சொல்லவில்லை. ஆனால் எண்ணுவதை மட்டும் நிறுத்த முடியவில்லை.

இருநூற்றுப் பதினான்காம் நாள், ஆடிக் கடைசியில் ஒரு புதன்கிழமை, அக்கா அவரை மாட்டுவண்டியில் படுக்கவைத்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். என்னிடம் சொல்லவில்லை. நேரே வந்து வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். மாமாவின் கன்னம் வெளியே வீங்கி மினுமினுத்தது. தாடைக்குக் கீழே நெறி கட்டிக் கல்லாகியிருந்தது. ஒரு விரல் நுழையும் அளவுதான் வாய் திறந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்கள்.

டாக்டர் நிறைய நேரம் பார்த்தார். பிறகு என் மேசைக்கு அருகிலேயே அவரை உட்காரவைத்துக் கேட்டார்.

"எத்தனை நாளாச்சு?"

அக்கா வாயைத் திறந்தாள். மாமா அவள் கையை அமுக்கினார். என்னைப் பார்க்காமல், பாதி வாயால், "ஒரு மாசம் இருக்குங்க. இப்பத்தான்" என்றார்.

"ஒரு மாசமா? ஒரே மாசத்துல இப்படியா?"

"ஆமாங்க சாமி."

டாக்டர் என் பக்கம் திரும்பி, "எழுது" என்றார். நான் எழுதினேன். ஆறாவது கட்டத்தில், ஆங்கிலத்தில், ஒரு மாதம். எழுத்து எப்போதும் போலச் சீராகவே விழுந்தது.

பிறகு வண்டியில் ஏற்றும்போது மாமா என் காதருகில் குனிந்தார். வார்த்தைகள் குழைந்து வந்தன. "அன்னிக்கே டாக்டரு சத்தம் கேட்டுச்சு மாப்ள. ஒனக்கு என்ன சங்கடமோன்னுதான் போயிட்டேன். அத இப்ப எதுக்கு அவருகிட்ட. ஒன்னத்தான் ஏசுவாரு."

மெட்ராசில் புற்றுக்கு ரேடியம் வைத்தியம் இருக்கிறது, ஆனால் இந்த நிலையில் பலன் இராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதன்பின் அறுபத்தெட்டு நாள். கடைசிப் பத்து நாள் தண்ணீரைப் பஞ்சில் நனைத்து விட்டோம். கன்னத்து ஓட்டை வழியாக அது வெளியே வந்தது. ஐப்பசி மழையில் ஒருநாள் பகலில் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நான் பதிவேட்டை நிரப்பும் முறையை மாற்றிக்கொண்டேன். "கொஞ்ச நாளா" என்று யாராவது சொன்னால் விடமாட்டேன். அமாவாசைக்கு முன்னாலா, பின்னாலா? சந்தைக்கு முதல் நாளா, மறுநாளா? குடைந்து குடைந்து கேட்டு ஒரு எண்ணைப் பிடித்துத்தான் எழுதுவேன். "கோர்ட்டுல கூட இப்படிக் கேக்க மாட்டாங்கய்யா" என்று கம்பவுண்டர் அலுத்துக்கொள்வார். செய்த தப்புக்குப் பரிகாரம் என்று இதைச் சொல்ல மாட்டேன். மாமாவின் வரி அந்தப் பதிவேட்டில் அப்படியேதான் இருந்தது.

மாசி மாசம் பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணும் அவள் புருஷனும் பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரியில் ஓடிய பஸ்ஸில் வந்தார்கள். கையில் சிரங்கு. முப்பத்தைந்து வயது இருக்கும். வாயில் புகையிலை மணம் வந்ததால் டாக்டர் வழக்கம்போல வாயைத் திற என்றார். அவள் வெட்கப்பட்டுப் புருஷனைப் பார்த்தாள்.

"தொறயேன். என்கிட்ட மட்டும் நாள் முச்சூடும் தொறக்கறியே" என்றான் அவன்.

அவள் கன்னத்தின் உள்ளே ஒரு வெள்ளைத் திட்டு, நடுவில் மிளகு அளவு புண். தாடைக்குக் கீழே ஒன்றும் தட்டுப்படவில்லை. எப்போதிலிருந்து என்று நான் குடைந்தேன். மாட்டுப் பொங்கலன்று கரும்பு கடித்தபோது முதலில் எரிந்தது என்றாள். கணக்குப் போட்டு முப்பத்தெட்டு நாள் என்று எழுதினேன்.

டாக்டர் யோசித்தார். மெட்ராசுக்குப் போகவேண்டியிருக்கும் என்றார்.

"அறுப்பு நேரமுங்க" என்றான் புருஷன். "போனா நல்லாயிருமுங்களா? கண்டிப்பாச் சொல்லுங்க, எல்லாத்தையும் போட்டுட்டுக் கெளம்பறோம்."

டாக்டர் என்னைக் காட்டினார். "இவன் மாமாவுக்கும் இதே எடம்தான். ஒரே மாசத்துல தாடையைத் தாண்டிப் போயிடுச்சு. என் கண்ணால பார்த்தேன். இவளுக்கு ஒரு மாசத்துக்கு மேல ஆகுது. உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கோ. நான் எப்படி உறுதி சொல்றது? போய்ப் பாருங்க. அவ்வளவுதான் சொல்ல முடியும்."

"அப்ப வேண்டாங்க. இருக்கற நாள் வூட்டுலயே இருக்கட்டும்" என்று சிரங்கு மருந்தை மட்டும் வாங்கிக்கொண்டான். இருவரும் படியிறங்கினார்கள். அவள் இன்னும் வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் கேட்டைத் தாண்டுவதற்குள் நான் எழுந்துவிட்டேன். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"சார், ஒரு மாசம் இல்ல சார். இருநூத்திப் பதினாலு நாள்."

டாக்டருக்குப் புரியவில்லை. "என்னது?"

"எங்க மாமாவுக்கு சார். நான் பொய் எழுதினேன். நாப்பத்தோராம் நாளே அவர் இங்க வந்தார். அன்னிக்கு இந்தப் பொண்ணுக்கு இருக்கற மாதிரிதான் இருந்துச்சு. நெறி கட்டல. வாய் நல்லாத் தொறந்துச்சு. நீங்க முகாம் போயிருக்கீங்கன்னு சொல்லி நான்தான் கேட்டிலேருந்தே திருப்பி அனுப்பிச்சிட்டேன். நீங்க உள்ளதான் இருந்தீங்க."

கம்பவுண்டர் மருந்து ஊற்றுவதை நிறுத்திவிட்டார். டாக்டர் முதலில் வாசலுக்குப் போனார். "ஏம்ப்பா, நில்லு. நான் சொன்னது தப்பு. தப்பான கணக்கை வெச்சுக்கிட்டுப் பேசிட்டேன். இவளைக் காப்பாத்த முடியும். இப்ப போனா முடியும். நாளைக்கே ரயில் ஏறு. நான் கடிதாசு தரேன்" என்றார். அவர்கள் திரும்பி வந்தார்கள்.

கடிதம் எழுதி முடித்த பிறகு பழைய பதிவேட்டை எடுத்துவரச் சொன்னார். மாமாவின் வரியைக் காட்டினேன். அடித்துவிட்டுச் சரியானதை எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

"என்கிட்ட பயந்தா அவரை அனுப்பிச்சே?"

"ஆமாம் சார்."

"செவுத்துக்காகவா?"

"ஆமாம் சார்."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். வேலை போகும் என்றும் நினைத்தேன். போனால் நன்றாயிருக்கும் என்றுகூடத் தோன்றியது. அவர் பதிவேட்டை மூடி, இரண்டு கைகளையும் அதன்மேல் வைத்துக்கொண்டு, வெளியே சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

அந்தப் பெண் வைகாசியில் திரும்பி வந்தாள். ரேடியம் வைத்திருந்தார்கள். கன்னத்தின் வெளியே தோல் கொஞ்சம் கறுத்திருந்தது. டாக்டர் என்னை மேசையிலிருந்து எழுப்பி அழைத்து, அவள் வாய்க்குள் பார்க்கச் சொன்னார். புண் இருந்த இடத்தில் ஒரு தழும்பு. வேறொன்றும் இல்லை. "கம்மங்கூழ் குடிக்கறேங்க. கருவாடுகூடத் திங்கறேன்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் புருஷன் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அன்றைக்கு நான் எழுந்து சொன்னதைத்தான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான். நான் அந்தத் தழும்பை நினைத்துக்கொண்டிருந்தேன். இவ்வளவுதானா? இப்படி ஒரு தழும்போடு முடிந்திருக்குமா? மாமாவுக்கு என்ன ஆகியிருக்கும் என்று அதுவரை நிச்சயமாகத் தெரியாது. தெரியாமல் இருந்ததில் ஒரு சின்ன ஆறுதல் இருந்தது. அன்றோடு அது போனது.

அன்று சாயங்காலம் வெயில் தாழ்வதற்குள் அக்கா வீட்டுக்கு நடந்தேன். அக்கா களத்தில் உட்கார்ந்து, பறித்துப் போட்ட செடிகளிலிருந்து கடலை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் முகாம் போகவில்லை என்பதை. மாமாவுக்கு அது தெரியும் என்பதை. பெரம்பலூர்ப் பெண்ணின் தழும்பை. அக்காவின் கை செடியை உருவிக்கொண்டே இருந்தது. முடித்துவிட்டு நான் காத்திருந்தேன்.

"அந்தப் பொண்ணு எத்தனாம் நாளு வந்துச்சு?" என்றாள்.

"முப்பத்தெட்டு."

"இவரு?"

"நாப்பத்தொண்ணு."

"மூணு நாளுதானா கூட" என்றாள். ஆய்ந்து முடித்த செடியை அந்தப் பக்கம் போட்டுவிட்டு, அடுத்த செடியை எடுத்தாள். நான் அவள் எதிரில் உட்கார்ந்தேன். எனக்கு ஒரு செடி எடுத்துக் கொடுக்கவில்லை. போ என்றும் சொல்லவில்லை.